நாலு சாமி ஒட்டிய பெட்டி

கொண்டாப்பூரில் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் கட்டிக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. கண்ணாடிச் சாமான் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்தப் பொறுப்பு எப்படி வந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. எனக்குப் பயம் அதிகம். அலமாரியில் ஒரு பூ ஜாடியைப் பார்த்தால் அது கீழே விழுந்து எத்தனை துண்டாகக் கிடக்கும் என்று முதலில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஜாடியே அப்புறம்தான் தெரியும். வேறு எந்த வேலையிலும் திட்டு வாங்கித் தரக்கூடிய இந்தக் குணத்தை எங்கள் முதலாளி தகுதியாக எடுத்துக்கொண்டார்.

இந்தப் பயம் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு முற்றிவிட்டது. அந்த வருஷம்தான் எங்கள் வீட்டிலிருந்து அத்தைக்கு ஒரு கம்ப்யூட்டர் போயிற்று.

அப்போது நாங்கள் இதே ஊரில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒர்க்ஷாப்பில் தச்சர். ரயில் பெட்டிகளுக்குள் வரும் மரவேலையெல்லாம் பார்ப்பார். சங்கத்தில் முக்கியமான ஆள், செங்கொடிக்காரர். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் வெளியிலேயே நின்றுவிடுவார். எங்கள் வீட்டில் சாமி என்பது அம்மாவின் இலாகா.

அத்தை அப்பாவின் தங்கை. முந்தின வருஷம் புருஷன் வீட்டை விட்டு ஒரு மஞ்சப்பையோடு வெளியே வந்தவர். எங்களோடு இரண்டு மாதம் இருந்தார். அதற்கு மேல் இருக்க மாட்டேன் என்று விருதுநகருக்கே திரும்பிப் போய் ஓர் அறை எடுத்துக்கொண்டார். தீபாவளிக்கு அம்மா ஒரு புடவை எடுத்து அனுப்பினாள். அது வந்த வேகத்தில் திரும்பி வந்தது. "கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு மதினி, பிள்ளைக்கு ஏதாச்சும் எடுங்க" என்று உள்ளே ஒரு சீட்டு. அம்மா அந்தச் சீட்டை வாசித்துவிட்டு, "உங்க தங்கச்சி உங்களுக்கு மேல" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அத்தைக்கு டைப்ரைட்டிங் தெரியும். ஹையர் பாஸ். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஒரு சின்ன கடை காலியாக இருந்தது. மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கலாம் என்று அத்தைக்கு ஒரு யோசனை. கடையின் சொந்தக்காரர் ஒரு கெடு வைத்தார். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமைக்குள் மெஷினை வைத்துக் கடையைத் திறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஜெராக்ஸ் போடுகிறவன் ஒருவன் சாவி கேட்டுக் காத்திருக்கிறான், அவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

கம்ப்யூட்டருக்கு வழி செய்தது சித்தப்பா. அப்பாவின் தம்பி. அப்போதே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார், கொண்டாப்பூரில் நாலு பேரோடு தங்கியிருந்தார். அன்றைக்குக் கொண்டாப்பூர் என்றால் பாறைகளுக்கு நடுவே அங்கங்கே நாலு கட்டிடம். "என் தம்பி கல்லுக்கு நடுவுல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டுறான்" என்று அப்பா எல்லாரிடமும் சொல்வார். அந்தக் கம்பெனியில் பழைய மெஷின்களை மாற்றினார்கள். சித்தப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு, அத்தைக்கு போன் போட்டு, "ஆபீஸ்ல தூக்கிப் போடுறாங்கக்கா, நீ எடுத்துக்கலைன்னா குப்பைக்குத்தான் போகும்" என்றார். குப்பைக்குப் போகிற பொருள் என்றதும் அத்தை சம்மதித்துவிட்டார்.

டி.வி. பெட்டி மாதிரி முதுகு புடைத்த அந்தக் காலத்து மானிட்டரைச் சித்தப்பா ஆட்டோவில் மடியிலும் மற்ற பாகங்களைக் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"அட்டைப்பெட்டி இருக்குண்ணே. தெர்மோகோலும் இருக்கு. அப்படியே ஒட்டி ரயில்ல போட்டுடலாம். கப்பல்ல வந்ததே இதுலதான்."

"கப்பல்ல வந்திருக்கலாம்டா. நம்ம ஆளுங்க கையில வந்திருக்கா?" என்றார் அப்பா.

இருபது வருஷமாக ரயில்வேயில் இருக்கிற மனுஷர். பார்சல் பெட்டிகள் பிளாட்பாரத்தில் எப்படி வந்து விழும் என்று அவருக்குத் தெரியும். பேச்சோடு விடாமல் பரீட்சை வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். அம்மாவிடமிருந்து மூன்று காலி காப்பித்தூள் பாட்டில்களை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குவார்ட்டர்ஸ் மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டார். கீழே பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டோம்.

நாங்கள் சாச்சி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா துணி உலர்த்த வந்தவர் நின்றுவிட்டார். "க்யா கர்ரே பாய்?" என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்.

"பரீட்சை" என்றார் அப்பா.

முதல் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்து உச்சியிலிருந்து போட்டார். பிரித்துப் பார்த்தால் உள்ளே கல்கண்டு மாதிரி கிடந்தது. இரண்டாவது பாட்டிலுக்கு மாம்பழக் கடையில் கேட்டு வாங்கிய வைக்கோல். கழுத்து மட்டும் போயிற்று. மூன்றாவதைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றி, அதைச் சுற்றி வைக்கோல் திணித்துப் போட்டார். பாட்டில் முழுசாக வெளியே வந்தது. பிள்ளைகள் கைதட்டினோம். சாச்சியும் தட்டினார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பாத்தீங்களா, துணிதான் தாங்குது" என்றாள்.

அதற்கப்புறம் பெட்டிக்குள்ளே என்ன வைப்பது என்பதை அம்மா எடுத்துக்கொண்டாள். வெளிப்பெட்டி அப்பாவின் பொறுப்பு. பலகை பலகையாக அறுத்து, ஒரு யானைக்குட்டியை ஏற்றுமதி செய்வது போல ஒன்றைச் செய்தார். அடியில் வைக்கோல், மேலே கோணி, ஓரமெல்லாம் துண்டு துணி. மானிட்டரை இறக்கும் நேரத்தில் அம்மா பீரோவைத் திறந்து ஒரு புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. எனக்குப் பகீர் என்றது.

"அம்மா, அது உன் கல்யாணப் பட்டு!"

"அதுக்கென்ன? நூல் துணி உரசும். பட்டுதான் வழவழன்னு இருக்கும், கண்ணாடியில கீறல் விழாது."

"தொலைஞ்சு போச்சுன்னா?"

"வாயைக் கழுவுடி."

சுத்தியலோடு குனிந்திருந்த அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வாயில் நாலு ஆணி இருந்ததால் பேச முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து அரக்கு நிறத்தில் ஒரு ரவிக்கை தைத்திருந்தாள். போட்டால் அம்மாவுக்குத் தொளதொளவென்று இருக்கும், எனக்கே தெரிந்தது. கேட்டதற்கு, "துவைச்சா சுருங்கும்" என்றாள். அந்த ரவிக்கையையும் நாலாக மடித்துக் கீபோர்டுக்கு அடியில் மெத்தையாக வைத்துவிட்டாள். நல்ல துணியெல்லாம் இப்படிப் போகிறதே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

அதற்குள் நான் வேறொரு காரியமும் செய்திருந்தேன். அப்பாவோடு ஒருநாள் ஸ்டேஷனுக்குப் போனபோது பார்சல் ஏற்றுவதை நின்று பார்த்திருந்தேன். ஒரு பெட்டியின் மேல் அழகாகக் கண்ணாடிக் குவளைப் படம் போட்டிருந்தது. இரண்டு பேர் அதை ஊஞ்சல் மாதிரி ஆட்டி வண்டிக்குள் வீசினார்கள்.

"அப்பா, கண்ணாடின்னு போட்டிருக்கே!"

"அதைப் பார்த்தாத்தான் இன்னும் கொஞ்சம் ஓங்கிப் போடணும்னு தோணும்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பா எத்தனை பலகை அடித்தால் என்ன, வீசுகிற கையை எந்தப் பலகை தடுக்கும்?

பதில் எங்கள் காம்பவுண்டு சுவரிலேயே இருந்தது. அந்தச் சுவர்ப் பக்கம் ஒரு காலத்தில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது. போகிற வருகிற ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் இடம். யாரோ ஒரு புண்ணியவான் வரிசையாகச் சாமி டைல்ஸ் பதித்தார். ஒரு பிள்ளையார், ஒரு மெக்கா, ஒரு சிலுவை, மறுபடி ஒரு பிள்ளையார். மறுநாளிலிருந்து சுவர் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்று மூன்று பாஷையில் எழுதிப் போட்டு நடக்காதது, டைல்ஸில் நடந்தது.

நான் சேகரிக்க ஆரம்பித்தேன். அம்மாவின் பழைய காலண்டரிலிருந்து முருகனையும் பிள்ளையாரையும் வெட்டிக்கொண்டேன். சாச்சி வீட்டில் மௌலா அலி மலைத் தர்காவின் படம் ஒன்று கூடுதலாக இருந்தது. கேட்டேன்.

"கைக்கு?" என்றார் சாச்சி. எதற்கு என்று கேட்கிறார்.

"பெட்டியைத் தூக்கிப் போடக் கூடாதுன்னு."

சாச்சி யோசித்தார். "ஹவ், அதுவும் சரிதான்" என்று படத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் வேளாங்கண்ணி மாதா கிடைத்தார். பெட்டிக்கு நாலு பக்கம். நாலும் ஆயிற்று.

அனுப்புகிற சனிக்கிழமை அப்பா சைக்கிளில் முன்னால் போய்விட்டார், பார்சல் ஆபீஸ் ஜன்னலில் வரிசை பிடிக்க. பெட்டியை டெம்போவில் ஏற்றினார்கள். சித்தப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் பெட்டிக்குக் காவல். லாலாகுடாவிலிருந்து ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் என் பள்ளிக்கூடப் பசை பாட்டிலைக் காலி செய்து நாலு பக்கமும் ஒட்டி முடித்துவிட்டேன். மேல்பலகையில் அப்பா கறுப்பு பெயிண்டில் எழுதிய விலாசத்தை மட்டும் தொடவில்லை.

இறக்க வந்தவர்களில் ஒருவர் பெட்டியைத் திருப்பினார், முருகனைப் பார்த்தார், சட்டென்று கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பக்கம் பிடித்திருந்தவர் தர்கா படத்தைப் பார்த்துவிட்டு, "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்று மெதுவாகப் பிடிக்கச் சொன்னார். நாலு பேர் சேர்ந்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலப் பெட்டியைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். சித்தப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்து, "கேடி" என்றார். சிரித்துக்கொண்டுதான். ரசீதோடு அப்பா வெளியே வந்தபோது பெட்டி உள்ளே போய்விட்டிருந்தது. இவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

அந்த நிம்மதி செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருந்தது.

திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டிய பெட்டி செவ்வாய் காலை வரைக்கும் போகவில்லை. டீச்சரம்மா வீட்டு போனுக்கு அத்தை கூப்பிட்டார். ஸ்டேஷனுக்கு மூன்று தடவை நடந்துவிட்டாராம். ஜெராக்ஸ்காரன் கடை வாசலில் நின்று நீள அகலம் அளந்துவிட்டுப் போனானாம். அத்தை குரல் கம்மி நான் கேட்டது அன்றைக்குத்தான். புதன்கிழமையும் வரவில்லை. அப்பா சாப்பிடாமல் எழுந்தார். எல்லாரும் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்றார்கள். அம்மா மட்டும், "யாராச்சும் பெட்டியைப் பிரிச்சிருப்பாங்களோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நாலு சாமிக்குள்ளே ஏதாவது சண்டையோ என்று கூட நினைத்தேன்.

ரயில்வேக்கென்று தனி போன் உண்டு. ஒரு ஸ்டேஷனைப் பிடித்து, அங்கிருந்து அடுத்த ஸ்டேஷனைப் பிடித்து, வழி நெடுகக் கேட்டுக்கொண்டே போகலாம். புதன்கிழமை சாயங்காலம் அப்பா சங்கத்துத் தோழர்கள் நாலைந்து பேரையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் அந்த போனில் உட்கார்ந்தார். அங்கே நடந்ததைச் சித்தப்பா வந்து நடித்துக் காட்டினார். அன்றைக்கு மட்டும் இல்லை, அப்புறம் வந்த எல்லாக் கல்யாணத்திலும் நடித்துக் காட்டினார்.

நடுவில் வண்டி மாற்றும் ஒரு பெரிய ஜங்ஷனில் பெட்டி இருந்தது. பத்திரமாக இருந்தது. பார்சல் கிளார்க்கின் மேஜைக்குப் பின்னால் ஒரு பெஞ்சின் மேல், பக்கத்தில் ஊதுபத்தியோடு இருந்தது.

"ஏன் சார் ஏத்தலை?" என்று அப்பா கேட்டார்.

"எப்படி ஏத்துறதுங்க?" என்று கிளார்க் பதில் கேட்டிருக்கிறார். "ஞாயித்துக்கிழமை வண்டியில பூரா கருவாடு. திங்கக்கிழமை முட்டைக் கூடை. நேத்து ஆட்டுத்தோல் மூட்டை, இன்னிக்கு மறுபடி கருவாடு. சாமியை அதோட ஏத்த முடியுமா? பாவம் எனக்கில்ல வரும்? சுத்தமான வண்டியா வரட்டும்னு வெச்சிருக்கேன்."

"சாமியா? எந்தச் சாமி?"

"நாலு பக்கமும் ஒட்டிட்டு என்னைக் கேக்குறீங்க? உள்ளே எந்த சாமி சார்?"

அப்பாவின் முகத்தைச் சித்தப்பா இந்த இடத்தில் செய்து காட்டுவார். சுற்றிலும் தோழர்கள். போனில் பேசுவது எல்லாருக்கும் கேட்கிறது. உள்ளே கம்ப்யூட்டர்தான் என்று சொன்னால் கிளார்க்குக்குக் கோபம் வரும், சாமி படத்தை வைத்து ஏமாற்றினாயா என்று மூலையில் தூக்கிப் போட்டுவிடலாம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான். அப்பா தொண்டையைச் செருமினார்.

"எல்லாச் சாமியும்தான் சார். வெள்ளிக்கிழமை காலையில ஊர் போய்ச் சேரணும். முகூர்த்தம் குறிச்சாச்சு."

"அபசாரம், அபசாரம்! இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாராம் கிளார்க். அன்று ராத்திரி வண்டியிலேயே, கடைசிப் பெட்டியில் கார்டு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், கருவாட்டு வாசனை படாமல் நம் பெட்டி கிளம்பிவிட்டது.

போனை வைத்ததும் ஒரு தோழர் கேட்டிருக்கிறார். "யார் காம்ரேட் ஒட்டினது?"

"நான்தான்" என்றார் அப்பா.

"நாலும்?"

"நாலும்."

ரிடையர் ஆகிற வரைக்கும் சங்கத்தில் அவருக்கு நாலுசாமி என்றுதான் பெயர். ஆயுத பூஜைக்கு ஒர்க்ஷாப்பில் தேங்காய் உடைக்க ஆள் தேடினால் அப்பாவைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். அவரும் வேண்டாம் என்பதற்கு நக்கோ, நக்கோ என்று சொல்லிக்கொண்டே உடைத்துவிட்டு வருவார். அந்தப் புதன்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தவர் நேராக என் பள்ளிக்கூடப் பை இருந்த இடத்துக்குப் போனார். என் பையைத் திறந்து பசை பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், மறுபடி உள்ளே வைத்தார். மறுநாள் வேலை விட்டு வரும்போது புதுப் பாட்டில் ஒன்று வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அத்தையிடமிருந்து போன். பெட்டி வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. நாலு பக்கமும் குங்குமமும் சந்தனமும் இருக்கிறதே, யார் வைத்தது என்று கேட்டார். ஒன்பது மணிக்குக் கடை திறந்தாயிற்று. ஜெராக்ஸ்காரனும் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனான்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி இருந்தது. அம்மாவின் புடவை. பத்து நாள் பொறுத்துக் கேட்டேன்.

"அம்மா, பட்டுப் புடவை திரும்பி வரலையே?"

"பார்சல்ல போனது போனதுதான்" என்றாள் அம்மா. கல்யாணப் புடவை தொலைந்த வருத்தத்தை எனக்காக மறைக்கிறாள் என்று நினைத்து, அதைப் பற்றி இனிமேல் பேசக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் தபாலில் ஒரு கவர் வந்தது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பிரித்தால் கடை திறப்பு போட்டோ. கம்ப்யூட்டருக்கு மாலை. பக்கத்தில் அத்தை நிமிர்ந்து நிற்கிறார், தலை நிறையப் பூ. அத்தையை அப்படி நான் பார்த்ததே இல்லை. கட்டியிருந்தது அரக்குப் பட்டு, பச்சைக் கரை. உடம்பில் தைத்த மாதிரி அதே நிற ரவிக்கை.

எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடிக்குச் சுற்றிய துணி என்று தெரியாமல் அத்தை எடுத்துக் கட்டிக்கொண்டுவிட்டார். அம்மா இதைப் பார்த்தால் என்ன ஆகும்? மதினி, நாத்தனார் சண்டையெல்லாம் எப்படி ஆரம்பிக்கும் என்று குழாயடியில் நிறையக் கேட்டிருந்தேன். போட்டோவை அறிவியல் புத்தகத்தின் அட்டைக்குள் செருகி, அட்டையை ஒட்டிவிட்டேன். புதுப் பசை நன்றாகப் பிடித்தது.

ஆனால் அம்மா போட்டோவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தபால்காரரிடம் கேட்டாள், டீச்சரம்மா வீட்டில் கேட்டாள். கடைசியில் அத்தைக்கே எழுதி இன்னொரு பிரதி வரவழைத்துவிட்டாள். அது வந்த நாளில் நான் கதவோரமாக நின்றுகொண்டேன்.

அம்மா போட்டோவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் அதன் மேல் ஒரு தடவை துடைத்தாள்.

"ரவிக்கை கச்சிதமா இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். சாமி அலமாரியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நல்ல வேளை, தன் புடவையை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பெரிய ஆபத்து ஒன்று தப்பிய நிம்மதியில் நான் விளையாடப் போனேன்.